இன்கார்சரேட்டட் என்று எழுதிய கம்பவுண்டர்

கம்பவுண்டர் என்ற சொல்லுக்கு இப்போது மதிப்பில்லை. மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மருமகள் ஷண்முகப்ரியாகூட ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "ஏனுங்கத்தை, ஒரு கம்பவுண்டருக்கா இத்தனை பில்டப்பு?" என்று கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் வரை நான் அவளோடு பேசவில்லை. நல்ல பெண்தான், படித்த பெண்தான். ஆனால் அவள் நல்லசிவம் சாரைப் பார்த்ததில்லை.

நான் ஓவேலிப் பக்கம் கிரேஸ்டன் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தது தொண்ணூறாம் வருஷம். அன்னூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த மழையும் அட்டையும் முதல் மாதமே வெறுத்துவிட்டன. என் வீட்டுக்காரருக்குக் கூடலூரில் மிளகு மண்டியில் வேலை. வேறு வழியில்லாமல்தான் சேர்ந்தேன். தகரக் கூரை, நீலக் கதவு, பன்னிரண்டு கட்டில், பின்னால் ஊசிகளைக் கொதிக்க வைக்க ஒரு விறகடுப்பு. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. கூடலூர் அங்கிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். ஜீப் இல்லாவிட்டால் பஸ் நிற்கும் இடத்துக்கே ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும், யானை வழிவிட்டால்.

முதல் நாள் உள்ளே நுழைந்தபோது நல்லசிவம் சார் மருந்து பாட்டிலுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். தொழிலாளிகள் கொண்டுவரும் பாட்டிலில் சிவப்பு மிக்சரை ஊற்றி, எத்தனை வேளைக்கோ அத்தனை வெட்டு போட்ட காகிதப் பட்டையைப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். கத்தரிக்கோலால் அந்த வெட்டுகளை அவர் அளந்து போடுகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து, "ஏனுங்க சிஸ்டர், குளுருதுங்களா? அடுப்போரம் போய் நில்லுங்க. வேலை எங்கியும் ஓடிப் போயிறாது," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பதினோரு வருஷம் அங்கே இருந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

காரமடைக்காரர். அறுபத்தெட்டில் வந்து சேர்ந்தவர். பிள்ளைகளின் படிப்புக்காக மனைவி அருக்காணியக்கா காரமடையிலேயே இருந்தார்கள். சார் குவார்ட்டர்ஸில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு மாதத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போவார். அக்கா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டருக்குக் கை நீளம் அதிகம். இரண்டு மடிப்பு மடித்துவிட்டுத்தான் நாடி பிடிப்பார். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற ஐந்து நாளும் டாக்டர் இவர்தான். தொழிலாளிகள் அவரை டாக்டரய்யா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் முதல் பத்து வருஷம் மறுத்துப் பார்த்து விட்டுவிட்டாராம்.

அந்த மனுஷருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வார்த்தைப் பைத்தியம். மேஜையில் தடிமனான மருத்துவ அகராதி ஒன்று கிடக்கும். முதுகு பிய்ந்து போய், புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் ஒட்டியிருப்பார். எந்த நோயாளி வந்தாலும் மருந்தோடு சேர்த்து நோயின் பேரையும் சொல்லி, அதற்கு அர்த்தமும் சொல்லித்தான் அனுப்புவார். "பித்தம்னு சொல்லிட்டு வராதீங்க. என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க, பேரு நான் சொல்றேன்," என்பார். அதனால் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் பெண்கள் குழாயடியில் நின்று, எனக்கு பாரிஞ்சைட்டிஸ், எனக்கு பிராங்கைட்டிஸ் என்று யாருக்குப் பெரிய வார்த்தை கிடைத்தது என்று பேசிக்கொள்வார்கள். ஒருத்திக்கு வெறும் ஜலதோஷம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். டாக்டரய்யாவுக்கு எங்கள் வீட்டு மேல் கோபம் என்று அவள் மறுநாள் புருஷனை அனுப்பி வைத்தாள்.

எங்கள் எஸ்டேட்டில் ஆண்களுக்கு அதிகம் வந்த தொல்லை குடலிறக்கம். ஈரக் கொழுந்து மூட்டையைத் தூக்கி ஃபேக்டரி மாடிக்கு ஏற்றுகிறவர்கள், தேயிலை உலர்த்துகிற டிரையருக்கு விறகு பிளக்கிறவர்கள், போதாததற்குப் பனியும் பீடியும் சேர்ந்து ஓயாத இருமல். தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் வரும். வெட்கத்தில் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். சாரிடம் மட்டும் கதவைச் சாத்திவிட்டுக் காட்டுவார்கள். பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் அர்த்தம் சொல்லுவது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

"உள்ள இருக்க வேண்டிய கொடலு, தசை விட்டுக் குடுத்த எடமாப் பாத்து வெளிய எட்டிப் பாக்குது. படுத்தா உள்ள போயிருதா? அப்ப அது ரெடியூசிபிள். சந்தைக்குப் போனவன் பொழுதோட ஊடு திரும்பிட்டான்னு வச்சுக்குங்க. தள்ளுனாலும் போகலீனா இன்கார்சரேட்டட். போனவன் எங்கியோ மாட்டிக்கிட்டான், ஆனா சோறு தண்ணி கெடைக்குது. அந்தச் சோறு தண்ணியும், அதாவது ரத்த ஓட்டமும் நின்னு போச்சுன்னா ஸ்ட்ராங்குலேட்டட். அதுக்கப்புறம் நாளுக் கணக்கு இல்லீங்க, மணிக் கணக்குதான்."

நடு வார்த்தைக்கு லத்தீனில் சிறைச்சாலை என்று மூலம் என்பதையும் அகராதியைப் பிரித்துக் காட்டுவார். சும்மா வீங்கியிருக்கு என்று எழுதினால் அதைப் படிக்கிற டாக்டர் சாவகாசமாக வருவார், இந்த வார்த்தையை எழுதினால் எழுந்து நிற்பார், ஒரு வார்த்தைக்கு அவ்வளவு வேலை இருக்கிறது என்பார். ஒரு தடவை ஆபீஸ் கிளார்க் ஒருவர், "அப்ப நாம எல்லாருமே இந்த மலையில இன்கார்சரேட்டட் தானுங்களே சார்," என்று பெரிய தத்துவம் பேசினார். சாருக்குப் பிடிக்கவில்லை. "கொடலுக்குன்னு இருக்கற வார்த்தைய கொடலோட விடுங்க. எல்லாத்துக்கும் எடுத்து ஒட்டுனீங்கன்னா, அவசரத்துக்கு எழுதறப்ப யாரும் எந்திரிக்க மாட்டாங்க," என்றார். எனக்கும் அந்தக் கிளார்க்கைப் பிடிக்காது.

தொண்ணூற்றொன்பதில் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் எழவே இல்லை. ஏலத்துக்குப் போன சரக்கு கேட்பாரில்லாமல் திரும்பி வந்தது. பச்சைத் தேயிலை விற்கிற சின்ன விவசாயிகள் கொழுந்தைப் பறிக்கிற கூலிகூட மிஞ்சாமல் செடியிலேயே விட்டுவிட்டார்கள். எங்கள் ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது. உரம் நின்றது, களைவெட்டு நின்றது, அப்புறம் டாக்டர் நின்றார். பன்னிரண்டு கட்டிலில் ஒன்பதை மடக்கி ஸ்டோரில் போட்டார்கள். அன்ஃபிட் லிஸ்ட் என்று ஒன்று ஆபீஸில் தயாரானது. உடம்பு சரியில்லாதவன் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிவிட்டால் பேர் வெட்டு. பேர் வெட்டினால் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதுவரை வரிசையில் நின்ற ஜனம் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவே பயந்தது.

எஸ்டேட் மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலிடம் சொல்வதைச் செய்கிறவர். ஒரு நாள் வந்து, மூன்று கட்டிலையும் பார்த்துவிட்டு, "நல்லசிவம், நீங்க இருக்கற வரைக்கும் இந்த ஆஸ்பத்திரி இருக்கட்டும்னு கேட்டு வாங்கியிருக்கேன். நீங்க லீவுல போனாக்கூட பூட்டச் சொல்லிடுவாங்க," என்றார். சாருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. அன்றிலிருந்து காரமடைக்கும் போவதை நிறுத்திவிட்டார். அருக்காணியக்காதான் பொங்கலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாயிரம், ஆகஸ்ட் மாதம். மூன்று நாளாக விடாத மழை. காலை பத்து மணி இருக்கும், சுடலைமணி விழுந்து கிடக்கிறான் என்று ஃபேக்டரியிலிருந்து ஆள் வந்தது. சுடலைமணி சிலோனிலிருந்து எழுபத்து நாலில் வந்தவன். ஃபேக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் மூட்டை சுமக்கிறான். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள், பத்தாவது படிக்கிறாள். அவனுக்குக் குடலிறக்கம் இருப்பது சாருக்கு ஆறு வருஷமாகத் தெரியும். லிஸ்டுக்குப் பயந்து, எழுத வேண்டாம் என்று காலைப் பிடித்ததால் சீட்டில் வயிற்று வலி என்றே எழுதி வந்திருக்கிறார். இது எனக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேருமே செய்த தப்பு அது.

போய்ப் பார்த்தால் சாக்குகளின் மேல் படுத்திருக்கிறான், இடுப்புக்குக் கீழே ஒரு சுடுமூட்டை. எங்கள் ஃபேக்டரியில் எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்தான். தேயிலை சலிக்கும்போது ஒதுங்குகிற பஞ்சுக் கழிவைத் துணியில் மூட்டை கட்டி, டிரையர் வாயில் காட்டிச் சூடேற்றி ஒத்தடம் வைப்பார்கள். முதுகுக்கும் முழங்காலுக்கும் அது அருமையான வைத்தியம், நானே வைத்துக்கொண்டதுண்டு. ஆனால் வெளியே சிக்கின குடலுக்குச் சூடு வைத்தால் இன்னும் வீங்கி, சிக்கல் இறுகும். விடியற்காலை ஆறு மணியிலிருந்து நாலு மணி நேரம் வைத்திருக்கிறார்கள், பாவிகள், அத்தனையும் பிரியத்தில்.

சார் மூட்டையை எடுத்து வீசினார். ஈரத் துணியைப் போட்டு, காலை உயர்த்தி வைத்து, மெதுவாக ஒரே ஒரு முறை தள்ளிப் பார்த்தார். போகவில்லை. இரண்டாம் முறை அவர் தொடவில்லை. அழுத்தித் தள்ளினால் கிழிந்துவிடும்.

"இப்ப வலி குறைஞ்சிருக்கு ஐயா," என்றான் சுடலைமணி, வேர்த்துக் கொட்டிக்கொண்டே. "சூடு வச்சதுல சரியாகிட்டு வருது."

சாரின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். வீக்கம் அப்படியே இருந்து வலி மட்டும் குறைந்தால் அது நல்லதுக்கில்லை. "ஆறுக்குட்டிய ஜீப்பக் கொண்டாரச் சொல்லுங்க," என்றார். ஆறுக்குட்டி எஸ்டேட் டிரைவர். அவர் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தியும் இவன் எழ மறுத்துவிட்டான்.

"ஏலாதுங்க ஐயா. கூடலூருக்குப் போனா எழுதிருவாங்க. பேர் வெட்டிட்டா லயத்து வீட்ட விட்டு எங்க போவேன்? புள்ள பரீட்ச எழுதணும். நான் வேலைல இருந்து செத்தா ஒரு வருசம் அவள வீட்டுல இருக்க விடுவாங்கதானே?"

ஒரு மனுஷன் இதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறானே என்று எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மிரட்டினேன். கும்பிட்டேன். அசையவில்லை. சார் சுற்றி நின்றவர்களையெல்லாம் கீழே அனுப்பினார். பிறகு என்னிடம், "சிஸ்டர், சித்த நேரம் சுவத்தப் பாத்து நில்லுங்க," என்றார்.

நான் திரும்பி நின்றேன். பெல்ட் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்குமா ஐயா?" என்று சுடலைமணியின் குரல்.

"ஏழு வருசமா. தெனம் காலைல படுத்துக்கிட்டு உள்ள தள்ளி, பட்டைய இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் வர்றேன். என்னுது போகுது, உன்னுது போகல. அவ்வளவுதான் நமக்குள்ள வித்தியாசம். இன்னிக்கு நீ போ. நீ நல்லாகி வந்தப்புறம் நான் போறேன்."

"சத்தியமா?"

"காரமடை ரங்கநாதர் மேல சத்தியம். எந்திரி கண்ணு."

எழுந்தான். அந்த ஏழு வருஷமும் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவளுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது, அதுவும் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு. ஜீப் கிளம்புவதற்குள் சார் சாக்கின் மேல் காகிதத்தை வைத்துக் கடிதம் எழுதினார். இன்கார்சரேட்டட், வலது பக்கம், காலை ஆறு மணி முதல், நாலு மணி நேரம் சூடு வைத்திருக்கிறார்கள், வலி திடீரெனக் குறைந்திருக்கிறது. கீழே, இந்தக் குடலிறக்கம் எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். அது ஆபீஸுக்குப் போனால் அவர் வேலைக்கே உலை. "டாக்டருக்கு முழுசாத் தெரியோணுமில்லீங்க," என்றார்.

கூடலூரில் எங்களுக்குப் பழக்கமான ஆஸ்பத்திரியில் சர்ஜன் தேவநேசன் அந்தக் கடிதத்தை நின்றபடியே படித்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நேராகத் தியேட்டருக்குப் போனார். குடல் நீலம் பாய்ந்திருந்தது, வெதுவெதுப்பான துணியைச் சுற்றி வைத்திருந்ததும் மெல்ல நிறம் திரும்பியது, ஒரு மணி நேரம் போயிருந்தால் வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்.

மேனேஜரிடம் சார் சண்டை போட்டது தனிக் கதை. "ஆபரேசன் பண்ணுனவன் எப்படீங்க அன்ஃபிட்டாவான்? ஓட்டைய அடைச்சாச்சு. பண்ணாம இருக்கறவன்தான் அன்ஃபிட்," என்று நின்றார். கடைசியில் மூட்டை சுமக்கிற வேலையை மாற்றி, மாடியில் கொழுந்தைக் கிளறிவிடுகிற வேலைக்குச் சுடலைமணியை வைத்துக்கொண்டார்கள். பேர் வெட்டவில்லை. மகள் பரீட்சை எழுதினாள். இந்தத் துணிச்சலைப் பார்த்து, ஒளித்து வைத்திருந்த நாலு பேர் தாங்களே வந்து காட்டி, ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சரிசெய்துகொண்டு வந்தார்கள்.

சார் மட்டும் போகவில்லை.

நான் கேட்கும்போதெல்லாம், "உள்ள போகுதுங்க சிஸ்டர், கவலைப்படாதீங்க," என்பார். சுடலைமணி விடவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு நீலக் கதவுக்கு முன்னால் வந்து நின்று, "தேதி வாங்கிட்டீங்களா ஐயா?" என்று கேட்பான். முதலில் சிரித்தார். பிறகு எரிச்சல் பட்டார். "நான் பத்து நாள் படுத்தா பதினோராம் நாள் இங்க பூட்டு தொங்கும். முன்னூத்திச் சொச்சம் குடும்பம் எங்க போகும்? நீ போய் வேலையப் பாரு," என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த ஏழு மாதத்தில் ஒன்பது பிரசவம், ஒரு பாம்புக்கடி, வலிப்பு வந்த மூன்று குழந்தைகள். டீசல் இல்லாமல் ஜீப் நின்ற நாட்களும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் அவர் பாட்டிலுக்குக் காகிதம் வெட்டி ஒட்டிக்கொண்டு, அர்த்தம் சொல்லிக்கொண்டு, ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடமாடினார். கஷ்ட காலம்தான், ஆனால் என் ஆயுளில் நான் சந்தோஷமாக வேலை பார்த்த காலமும் அதுதான். எனக்கும் அந்தக் கதவு மூடக் கூடாது. அதனால் அவர் சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

மார்ச் மாதம் ஒரு காலை, அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம். தொழிலாளிகள் எல்லாம் ஆபீஸ் முன்னால் நிற்கிறார்கள். மருந்துக்கு எழுதிய லிஸ்டைக் கொடுக்க நானும் சாரும் போயிருந்தோம். சுடலைமணி வரிசையை விட்டு வெளியே வந்து மேனேஜருக்கு முன்னால் நின்றான்.

"தொரை, டாக்டரய்யாவுக்கு என்னைய மாதிரியே குடலிறக்கம். அவர ஆபரேசனுக்கு அனுப்புங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அது தெனமும் உள்ள போகுதுங்க சார். ஒண்ணும் பயமில்லீங்க," என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"போகல மிஸ்ஸி," என்றான் அவன். சிலோன்காரர்களுக்கு நர்ஸ் என்றால் மிஸ்ஸி. "எங்கள மாதிரி ஆளுங்க இருமுறதுக்கு முன்ன கைய அங்க வச்சு அமுக்கிக்குவோம். இல்லாட்டி பிதுங்கிரும். ஐயாவும் பாக்கெட்டுக்குள்ள கைய விட்டுக்கிட்டுத்தான் இருமுவாரு. ரெண்டு மாசமா பாக்கெட்டுல கைய வைக்காமத்தான் இருமுறாரு. உள்ள இருந்தாத்தானே வெளிய வராம அமுக்கணும்?"

மேனேஜர் சாரைப் பார்த்தார். "சிஸ்டர் சொல்றதுதான் சரிங்க," என்றார் சார், முகம் மாறாமல். ஆனால் முந்நூறு பேருக்கு முன்னால் சொன்ன பிறகு மேனேஜர் என்ன செய்வார்? அன்றைக்கே ஜீப்பை எடுக்கச் சொன்னார். மேலிடத்துக்கும் எழுத வேண்டியிருக்கும் என்றார்.

ஆபீஸ் படிக்கட்டில் சார் சுடலைமணியைப் பிடித்துக்கொண்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "உன்னையக் காப்பாத்துனதுக்கு இதாடா எனக்குச் செய்வ?"

"அதுக்குத்தான் ஐயா," என்றான் சுடலைமணி.

நான் அவனோடு இரண்டு வருஷம் பேசவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று பொருமிக்கொண்டிருந்தேன். தனியாக ஏழு மாதம் சொல்லிப் பார்த்தவன் அவன் என்பது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. சார் அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் காரமடையில் அருக்காணியக்காவோடு இருந்தார். மாசித் தேருக்கு வருஷம் தவறாமல் சுடலைமணி ஒரு பொட்டலம் தேயிலையோடு வந்து நிற்பான். இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து டீ குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். சார் அந்தத் தேயிலையை மோந்து பார்த்து, கிளறினது சரியில்லை என்று அவனைச் சீண்டுவார்.

ஆனால் என் மனசில் நிற்பது அந்த சோபா இல்லை. கூடலூர் ஆஸ்பத்திரியில் அன்று நடந்ததுதான்.

ஜீப்பில் ஏறும்போது சார் என் கையில் ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்து, டாக்டரிடம் கொடுக்கச் சொன்னார். தேவநேசன் டாக்டர் கவரைப் பிரித்துப் படித்துவிட்டு, எழுந்து நின்றுகொண்டே என்னைப் பார்த்தார். "இதை நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டு என்னிடம் நீட்டினார்.

சாரின் கையெழுத்து, கொஞ்சமும் கோணாமல். நல்லசிவம், வயது ஐம்பத்தெட்டு. இன்கார்சரேட்டட், இடது பக்கம், ஜனவரி நாலாம் தேதி முதல். நோயாளிக்கு இது தெரியும்.

ஜனவரி நாலு. அன்றைக்கு எஸ்டேட்டில் ஒரு பிரசவம். விடிய ஆரம்பித்து மத்தியானம் வரை என் பக்கத்திலேயே நின்றிருந்தார். அந்தக் குழந்தைக்கு என் பேரைத்தான் வைத்தார்கள். மேனேஜரிடம் பொய் சொல்லியிருக்கிறார், என்னிடம் அறுபது நாளும் பொய் சொல்லியிருக்கிறார். காகிதத்தில் மட்டும் அவருக்குப் பொய் எழுத வரவில்லை. பதினோரு வருஷம் பக்கத்தில் நின்ற நர்ஸ் நான். ஒரு இருமலைக் கவனித்து, மூட்டை சுமந்தவன் கண்டுபிடித்திருக்கிறான்.

ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. குடலை மூடுகிற கொழுப்புச் சவ்வு வெளியே ஒட்டிப் பிடித்து, குடலின் ஒரு மடிப்பும் கூடவே இறங்க ஆரம்பித்திருந்ததாம். இன்னும் ஒரு சுமை தூக்கியிருந்தாலோ, ஒரு நோயாளியைத் தூக்கியிருந்தாலோ சுடலைமணியின் கதைதான் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சார் நன்றாகக் கண் விழித்தார். அருக்காணியக்கா காரமடையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்தேன். "ஏனுங்க சிஸ்டர், ஆஸ்பத்திரி?" என்றார்.

"தொறந்துதான் இருக்குதுங்க சார். நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க."

அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். கோபமில்லை. சீட்டில் எழுதுவதற்கு முன்னால் நோயாளியைக் கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார்.

"நீங்க இங்க இருக்கறீங்களே. அங்க யாருங்க தொறந்தாங்க?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவரும் அழுதார்.